பின்னால் ஆள் இல்லை

ஜூன் 3, திங்கள்

பயிற்சியாளர் படிப்பில் ஆறு வாரமும் ஒரே பாட்டு: தினமும் எழுதுங்கள். எழுதாத பயிற்சியாளர் ஒரே தப்பைப் பத்து வருஷம் செய்வார், அதற்கு அனுபவம் என்று பெயரும் வைத்துக்கொள்வார் என்றார் பாடம் எடுத்தவர். அதனால் இந்த நோட்டு.

இன்று முதல் நாள். ஐந்தரைக்கு மைதானம். டர்ஃபுக்குத் தண்ணீர் அடிக்கும் மோட்டார் ஓடவில்லை; அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. பதினெட்டுப் பேர் வந்தார்கள். பயிற்சிக்கு அடையாளம் வைக்கும் பிளாஸ்டிக் கூம்பு இருபது இருக்க வேண்டும், பதினாறுதான் இருக்கிறது.

எங்கள் இலாகா ஹாக்கி அணியில் பதினாலு வருஷம் ஃபுல் பேக்காக நின்றேன். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோல் விழாமல் தடுத்தவன் நடந்துதான் வர வேண்டும். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. போன வருஷம் வலது முட்டியில் தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆனதும் அந்த நடையும் நின்றது.

கொண்டல்சாமி கடைசி ஆளாக வந்தான். பதினாலு வருஷமும் என்னோடு ஜோடியாக நின்ற இன்னொரு ஃபுல் பேக். இரண்டு பேருக்கும் கோவில்பட்டி. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பயிற்சியாளர் பதவிக்கும் இரண்டு பேருமே விண்ணப்பித்தோம். அவனுக்குக் கால் நன்றாக இருக்கிறது, எனக்கு இல்லை. அதனால் எனக்குக் கிடைத்தது.

"வணக்கம் சார்," என்றான். பயிற்சியாளரை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று இலாகாவின் விளையாட்டுச் செயலாளர் உத்தரவு.

"ஏலே, சும்மா இரி."

"ரூல்ஸ்னா ரூல்ஸ் சார்."

மற்றவர்கள் சிரித்தார்கள். பயிற்சி முடியும்வரை சார்தான். முதலில் சிரிப்பாக இருந்தது. அப்புறம் ஒன்றும் தோன்றவில்லை.

செய்ய வேண்டியது: கூம்பு நான்கு. மோட்டாருக்கு ஆள். முட்டிக்கு ஐஸ்.

ஜூன் 7, வெள்ளி

என் இடத்தில் இப்போது அகிலன். அரியலூர்க்காரன், இருபத்து நாலு வயது, நல்ல வேகம். இன்று அவனுக்கும் கொண்டலுக்கும் கூப்பாடு பழக்கினேன்.

இரண்டு ஃபுல் பேக்குக்கும் நடுவில் பந்து வந்தால் யார் எடுப்பது என்று ஒருவன் கூப்பிட வேண்டும். ஹாஸ்டலில் படித்த பிள்ளைகள் அதற்கு இங்கிலீஷ் வைத்திருக்கிறார்கள். எனக்கும் கொண்டலுக்கும் இரண்டே சொல். 'எனக்கு' என்றால் நான் எடுக்கிறேன். 'விடு' என்றால் நீ தொடாதே, உனக்குப் பின்னால் நான் நிற்கிறேன். கரிசல் மண்ணில் ஆடிய காலத்திலிருந்து அதுதான்.

முதல் பந்துக்கே கொண்டல் 'விடு' என்றான். அகிலன் ஓங்கி ஒன்று விட்டான். பந்து வேலிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் போய் விழுந்தது. அவன் ஊரில் விடு என்றால் அப்படித்தானாம். ஐந்து நிமிஷம் சிரித்தோம்.

"தம்பி, விடுன்னா ஸ்டிக்கத் தூக்கிரணும்," என்று கொண்டல் சொல்லிக்கொடுத்தான். "திரும்பிப் பாக்கக் கூடாது. நீ பாத்து முடிக்கதுக்குள்ள பந்து போயிரும்."

"பின்னாடி ஆள் இல்லன்னா, அண்ணே?"

"ஆள் இல்லாம எவன்டே கூப்பிடுவான்?"

அது சரிதான். பதினாலு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஜூன் 12, புதன்

செயலாளர் தணிகைவேலன் கூப்பிட்டு ஒரு படிவம் கொடுத்தார். முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் அணியில் நீடிக்க வருஷா வருஷம் பயிற்சியாளரின் பரிந்துரை வேண்டும். கொண்டலுக்கு முப்பத்தாறு. பரிந்துரை இல்லாவிட்டால் முழுநேர ஆபீஸ் வேலை, எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போடுவார்கள். அடுத்த வாரம் கோவில்பட்டியில் நடக்கும் இலாகாக்கள் கோப்பைக்கு அப்புறம் எழுதித் தந்தால் போதும் என்றார்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த எங்களுக்கு ஆபீஸ் என்றால் வருகைப் பதிவேடு. கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடிவிடுவோம். சீட்டில் உட்கார்ந்து வேலை செய் என்றால் எங்களில் பாதிப் பேருக்கு ஜுரம் வந்துவிடும்.

வண்டி ஸ்டாண்டில் கொண்டல் நின்றுகொண்டிருந்தான். விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"நாயகம், ஒரே ஒரு வருசம். அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

"எழுதுதேன்ல. இதுக்குப் போயி."

"இல்ல, வாயால ஒரு வார்த்த கேக்கணும்லா."

பத்து நாளில் இன்றைக்குத்தான் சார் இல்லாமல் பேசினான்.

ஜூன் 20, வியாழன்

கோவில்பட்டி. லாட்ஜில் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, முட்டி வீங்கிவிட்டது. மேல்காற்று பேய் மாதிரி அடிக்கிறது. வாயைத் திறந்தால் மண். கொண்டலின் சொந்தக்காரர்கள் முப்பது பேர் ஆட்டம் பார்க்க வருகிறார்களாம். அவன் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வந்தது.

ஜூன் 22, சனி

கால் இறுதி. 1–0, ஜெயித்தோம். கொண்டல் கோல் லைனிலேயே மூன்று பந்தை எடுத்தான். ஊர் ஜனம் எழுந்து நின்று கத்தியது.

எனக்குத்தான் பெஞ்சில் உட்கார முடியவில்லை. பந்து எங்கள் சர்க்கிளுக்குள் வந்தால் கால் தானாக எழுந்துகொள்கிறது. நடுவர் இரண்டு முறை உட்காரச் சொன்னார். பெஞ்சிலிருந்து எங்கள் கோலைப் பார்த்துத்தான் காற்று. கத்தினால் அங்கே தெளிவாகக் கேட்கிறது என்று கோல்கீப்பர் சொன்னான். நல்லது.

ஜூன் 23, ஞாயிறு

அரை இறுதி. 2–3.

ஜூன் 24, திங்கள்

சென்னைக்குத் திரும்பும் வழி. விராலிமலைப் பக்கம் டீக்குப் பஸ்ஸை நிறுத்தினார்கள். டீ கசந்தது.

பயிற்சியாளர் குறிப்பு என்பதால் எழுதுகிறேன். 2–2. முடிய இரண்டு நிமிஷம். அவர்கள் ஆள் நடுக்கோட்டிலிருந்து நீளமாக ஒரு பந்து அடித்தான். கொண்டலுக்கு நேராக வந்தது. சாதாரணப் பந்து. ஸ்டிக்கை வைத்து நிறுத்தத் தயாராக நின்றவன், கடைசி நொடியில் ஸ்டிக்கைத் தூக்கிவிட்டான். பந்து அவன் கால் ஓரமாகப் போயிற்று. பின்னால் யாரும் இல்லை. அகிலன் அந்தப் பக்கம் தள்ளி நின்றான். அவர்கள் ஃபார்வர்டு ஓடிவந்து சும்மா தொட்டான். கோல்.

யாரோ கத்தியதாகக் கோல்கீப்பர் சொல்கிறான். கேலரியில் மூவாயிரம் பேர் இருந்தார்கள். கத்தத்தான் செய்வார்கள்.

எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. காற்று ஒத்துக்கொள்ளவில்லை. உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வேண்டும்.

ஜூன் 26, புதன்

போட்டி அறிக்கை எழுதிக் கொடுத்தேன். 'தோல்விக்கான காரணம்' என்ற இடத்தில் மூன்று கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு கோடு போதுமாக இருந்தது. 'வலது ஃபுல் பேக்கின் கவனக்குறைவு.'

வேறு என்ன எழுதுவது? ஸ்டிக்கைத் தூக்கியது அவன்தான். அதில் பொய் இல்லை.

கொண்டலின் பரிந்துரைப் படிவம் மேஜையில் இருக்கிறது. அப்புறம் எழுதலாம்.

ஜூன் 29, சனி

என் மனைவி செண்பகம் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறாள். நாள் முழுவதும் ஃபோனில் குரல் கேட்கிற வேலை. ஒருமுறை பேசிய பேஷண்டை மறுமுறை 'ஹலோ'விலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஊரிலிருந்து யாரோ அந்தக் கோலின் வீடியோவை அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். சாயங்காலம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே அதைப் போட்டாள். நான் ஏற்கெனவே பலமுறை பார்த்தது. சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்ப்பேன்.

அவள் சத்தத்தைக் கூட்டினாள். மறுபடி போட்டாள். மூன்றாவது முறை கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்க, இது உங்க குரலுல்லா?"

"கேலரியில எவனோ."

"கேலரியில உள்ளவன் 'விடு'ன்னு எதுக்குக் கத்துதான்? அடி, பிடின்னுல்லா கத்துவான்."

"உனக்கு ஹாக்கி தெரியுமா?"

"ஹாக்கி தெரியாது. குரல் தெரியும்."

மோர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

ஜூலை 3, புதன்

செயலாளர் அறையில் ஒரு மணி நேரம். டிசம்பர் போட்டிக்குத் திட்டம், புது ஜெர்சி, கடைசியில் கொண்டல்.

"பசங்க ஒண்ணு பேசிக்கிறாங்க நாயகம். கோச் போஸ்ட் உங்களுக்குக் கிடைச்சதுல அவருக்கு மனத்தாங்கலாம். உங்க முதல் டோர்னமென்ட்டைக் கெடுக்கணும்னே விட்டுட்டார்ங்கிறாங்க. வீடியோ பார்த்தா அப்படித்தான் இருக்கு. பந்து வருது, மனுஷன் ஸ்டிக்கைத் தூக்கிக்கிட்டு வழி விடுறார். வர்ற பதினொண்ணாம் தேதி கமிட்டி கூப்பிட்டிருக்கேன். நீங்களும் வரணும்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல சார்."

"அப்ப எதுக்குத் தூக்கினார்?"

ஃபேன் சத்தம் அதிகமாக இருந்தது. தெரியவில்லை என்று சொன்னதாக நினைவு.

ஜூலை 6, சனி

குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த பிளாக்கில்தான் கொண்டல். இரண்டு வாரமாகப் போகவில்லை. இன்று போனேன். அவன் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைக் கழற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் உட்கார்ந்து பார்த்தேன். வாஷர் தேய்ந்திருக்கிறது.

அவன் மனைவி ருக்மணி காப்பி வைத்தாள். "வாங்கண்ணே," என்றதோடு சரி. எப்போதும் பத்து வார்த்தை பேசுகிறவள்.

"ரிப்போர்ட் எழுதிட்டியா?" என்றான் கொண்டல், மிதவையைப் பார்த்தபடி.

"எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"கவனக்குறைவுன்னு."

"யாரோட?"

நான் காப்பியைக் குடித்தேன். உள்ளேயிருந்து ருக்மணி, "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்," என்றாள். எங்களிடம் சொன்னாளோ, அடுப்பிடம் சொன்னாளோ.

"நீ சும்மா இரி," என்று கொண்டல் அவளை அதட்டினான். பிறகு என்னிடம், "கமிட்டியில என்ன கேப்பாவ?" என்றான்.

"எதுக்கு விட்டேன்னு கேப்பாவ."

"சொன்னாப் போச்சு."

என்ன சொல்லப்போகிறான் என்று நான் கேட்கவில்லை. புது வாஷர் வாங்கி வந்து கொடுத்தேன்.

ஜூலை 11, வியாழன்

கமிட்டி. பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. செயலாளர், இன்னும் இரண்டு அதிகாரிகள், நான். கொண்டல் எதிரே. ஃபுல் கை சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். கல்யாணத்துக்குக்கூட அவன் அப்படி வாரவில்லை.

"ஏன் ஸ்டிக்கைத் தூக்கினீங்க?"

"பின்னால ஆள் இருக்குன்னு நெனச்சேன் சார்."

"யார் இருந்தா?"

"யாரும் இல்ல சார்."

"யாராவது கூப்பிட்டாங்களா?"

கொண்டல் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "சத்தமா இருந்துச்சு சார். கேட்டதச் சரியாச் சொல்ல முடியல," என்றான்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பதினாலு வருஷம் அவர் கூட ஆடினவர். இப்ப கோச். நீங்க சொல்லுங்க. ஒரு அனுபவமுள்ள பிளேயர் அந்த இடத்துல என்ன பண்ணியிருக்கணும்?"

"திரும்பிப் பாத்திருக்கணும் சார்," என்றேன்.

அதை எழுதிக்கொண்டார்கள். பன்னிரண்டே காலுக்கு முடிந்துவிட்டது. கேன்டீனில் லெமன் சாதம்.

ஜூலை 18, வியாழன்

கொண்டல்சாமிக்கு ஓசூர் ஸ்டோர்ஸுக்கு மாற்றல் உத்தரவு. அணியிலிருந்து விடுவிப்பு. பரிந்துரைப் படிவத்தை யாரும் என்னிடம் திரும்பக் கேட்கவில்லை.

கூம்பு நான்கு வந்துவிட்டது.

ஜூலை 22, திங்கள்

சாமான் ஏற்ற மினி லாரி வந்தது. நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

பீரோவை இரண்டாவது மாடியிலிருந்து இறக்க வேண்டும். கொண்டல் கீழ்ப்பக்கம் பிடித்துப் பின்னால் நடந்து இறங்கினான், நான் மேலே. அவனுக்குப் படி தெரியாது, எனக்குத்தான் தெரியும். "இன்னும் மூணு படி," என்றேன். அவன் பீரோவைத் தொடையில் தாங்கி நிறுத்தி, கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தான். "ரெண்டு," என்றேன். பார்த்தான். "ஒண்ணு." பார்த்தான்.

லாரி கிளம்பும்போது, "வாரேன் சார்," என்றான்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். செண்பகம் இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை. ஒரே ஒருமுறை, "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சாச்சு. இனி அந்தச் சோத்தத் திங்கணும்லா," என்றாள். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

மூன்று பயிற்சி ஆட்டம், மூன்றும் தோல்வி. எட்டு கோல் விழுந்திருக்கிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். காரணம் எளிதாகத் தெரிகிறது. அகிலன் 'விடு' என்று கூப்பிட்டால், கொண்டல் இடத்துக்கு வந்த மற்றவன் விடுவதில்லை. முதலில் திரும்பிப் பார்க்கிறான். அந்த நேரத்தில் பந்து போய்விடுகிறது. மற்றவன் கூப்பிட்டால் அகிலனும் அதையே செய்கிறான்.

"ஏன்டா பாக்குற?" என்றேன்.

"கமிட்டியில நீங்கதான் பாக்கணும்னு சொன்னீங்களாமே சார்," என்றான் அகிலன். கேலி இல்லை. நிஜமாகவே அப்படிக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இப்போது நான் வாயால் கத்துவதில்லை. விசில்தான். நல்லதுதான் என்று பயிற்சியாளர் படிப்பில்கூடச் சொல்லியிருக்கிறார்கள்.

முட்டித் தழும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போன இடம் ஒன்று இருக்கிறது. ஆபரேஷனில் தோல் நரம்பு அறுபட்டால் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றார் டாக்டர். பழகிவிட்டது. நேற்று அந்த இடத்தில் கூம்பின் உடைந்த விளிம்பு கிழித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து காலுறை கழற்றும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பயிற்சி இல்லை. துணி துவைத்தேன். இஸ்திரிக்காரருக்குப் போட்டேன். மத்தியானம் இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். யாரோ ஒரு கெட்டிக்காரன் எழுதிய மாதிரி இருக்கிறது. எந்த இடத்திலும் பிடி கொடுக்கவில்லை.

சரி, எழுதுகிறேன்.

நான்தான் கத்தினேன்.

பந்து நடுக்கோட்டிலிருந்து கிளம்பியபோதே எனக்கு அது எங்கே வரும் என்று தெரிந்துவிட்டது. பதினாலு வருஷமாக அந்தப் பந்து அங்கேதான் வரும். அதைக் கொண்டல் தொட்டால் இடது பக்கம் தட்டுவான், அவன் விட்டு நான் எடுத்தால் வலது பக்கம் இடம் காலியாக இருக்கும். அந்த நொடியில் நான் பெஞ்சில் இல்லை. அவனுக்குப் பின்னால் நாலு கஜத்தில் நின்றேன். கையில் ஸ்டிக் இருப்பதாக விரல் மடங்கியது. 'விடு' என்று வயிற்றிலிருந்து கத்தினேன். காற்று அதைக் கொண்டுபோய் அவன் காதில் வைத்தது. அவன் விட்டான். வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டான்.

கோல் விழுந்ததும் எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். அவன் மட்டும் திரும்பி, தனக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்தான். அதற்கப்புறம் பெஞ்சைப் பார்த்தான். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். லேஸ் அவிழ்ந்திருக்கவே இல்லை.

வெட்கமாக இருக்கிறது. இதை எழுத ஏழு வாரம் ஆயிருக்கிறது.

செயலாளருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

செயலாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நான் பார்க்கலை, நாயகம்."

"சார்..."

"ஒரு நொடி வாய் தவறிக் கத்திட்டீங்க. எந்தக் கோச் கத்தல? இப்ப இதை ஃபைல்ல வெச்சா கமிட்டி தப்பு, நான் தப்பு, நீங்க தப்பு. உங்க போஸ்ட் போகும். அவருக்கு முப்பத்தாறு. அவர் திரும்பி வரவும் போறதில்லை. யாருக்கு லாபம்? டிசம்பர்ல போட்டி இருக்கு. எனக்கு ஒரு கோச் வேணும்."

கடிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். படி இறங்கும்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

செண்பகத்திடம் சொன்னேன். "சொல்லிட்டேன், அவர் வாங்கல." அவள் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டச் சொல்லணுமோ அங்க சொன்னீங்களா?"

ஆகஸ்ட் 17, சனி

விடியற்காலை பஸ். பதினொன்றரைக்கு ஓசூர். ஸ்டோர்ஸ் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. வாசலில் கேபிள் சுருள்கள். கம்பி வலை போட்ட கவுண்டருக்குப் பின்னால் கொண்டல் உட்கார்ந்திருந்தான். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான். கண்ணாடியோடு அவனைப் பார்த்ததே இல்லை. ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க சார்," என்றான்.

"சார் வேண்டாம்ல."

"சரி. என்ன வேணும்?"

கவுண்டரில் நிற்கிற எல்லாரிடமும் கேட்கிற அதே குரல். கடிதத்தை வலைக்கு அடியில் தள்ளினேன். கண்ணாடியைச் சரிசெய்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்தான். பின்னால் ஒருவர் இன்டென்ட் சீட்டோடு வந்து நின்றார். கொண்டல் அவருக்குச் சாமான் எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, மறுபடி வந்து மீதியைப் படித்தான்.

"செயலாளர் வாங்கலியோ?"

"வாங்கல."

"அதான் எங்கிட்டக் கொண்டாந்தியாக்கும்."

"நான்தான் கூப்பிட்டேன், கொண்டல். என்ன மன்னிச்சிரு."

"அது அன்னைக்கே தெரியும்லா. உங்குரல் எனக்குத் தெரியாதா?" கடிதத்தைத் திருப்பி வைத்தான். "கூப்பிட்டதுக்கு நான் ஒன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டேன். பழக்கம். ஒன் எடத்துல நான் இருந்தா நானும் கூப்பிட்டிருப்பேன். ரிப்போர்ட்டையும் விடு. பயந்துட்டே. ஆனா அந்த ரூம்ல ஒண்ணு சொன்னியே. அது இதுல எங்க இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. உண்மையாகவே ஒரு நிமிஷம் புரியவில்லை.

"திரும்பிப் பாத்திருக்கணும்னு சொன்ன," என்றான். குரல் உயரவில்லை. "பதினாலு வருசம் நீ கூப்பிட்டு நான் பாக்கல. எத்தன பந்துல? ஆயிரம் இருக்குமா? அத்தனையும் நான் பாத்திருக்கணுமோ? நீ அங்க வச்சு அதத்தான சொன்ன. கோச்சாச் சொல்லல. எங்கூட நின்னவனாச் சொன்ன."

கவுண்டரில் கயிறு கட்டிய பேனா ஒன்று கிடந்தது. எடுத்தேன். கடிதத்தின் அடியில் இரண்டு விரல் இடம் இருந்தது. கயிறு எட்டும் அளவுக்குக் குனிந்து எழுதினேன். 'கமிட்டியில், திரும்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் சொன்னது பொய். அவர் பார்த்திருக்க வேண்டியதில்லை. என்னை நம்பியது அவர் தவறு அல்ல. பயத்தில் பொய் சொன்னேன். கோ. கோமதிநாயகம்.'

கொண்டல் படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

"இத யாருக்கு அனுப்புவ?"

"செயலாளருக்கு மேல, இயக்குநருக்கு."

"ஒன் வேல போயிரும்."

"ம்."

"சரி. ரெண்டு மணிக்கு மெட்ராஸ் பஸ் இருக்கு," என்றான். வாசல்வரை வரவில்லை. அடுத்த ஆளின் சீட்டை வாங்கிக்கொண்டான்.

பெரிய போஸ்ட் ஆபீஸில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். ரசீது இந்த நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.

கிருஷ்ணகிரி தாண்டியதும் அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. சத்தமாகவே அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டார். வேலூர் வந்ததும் அவர் இறங்கிப் போனார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு. பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நான் விடுவிக்கப்படுகிறேன். கொண்டல்சாமியின் ஓசூர் மாற்றலில் திருத்தம் இல்லை. வயது விதி வயது விதிதான்.

செயலாளர் என்னைப் பார்க்க மறுத்துவிட்டார். அவருடைய உதவியாளர்தான் கோப்பைத் திறந்து காட்டி, பார்த்ததற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார். அரை இறுதி அறிக்கை. தோல்விக்கான காரணம் என்ற இடத்தில் 'வலது ஃபுல் பேக்கின் கவனக்குறைவு' என்பதைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறார்கள். மேலே பொடி எழுத்தில் என் பெயர் இருக்கிறது.

கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துக் கொண்டலுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"ருக்மணிகிட்ட வாசிச்சுக் காமிச்சேன்," என்றான். அவனுக்குப் பின்னால் லாரி சத்தம் கேட்டது.

"நாயகம்," என்றான். "லோடு வந்திருக்கு. நான் போறேன்."